தாத்தாவின் .22 ஹார்னெட்: பேரல் மாற்றும்போது கேலிபரையும் மாற்றிவிடலாமா?

கேத்திக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா எஸ்டேட் வேலையில் இருந்தபோது வாங்கிய பிர்னோ ரைஃபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. செக்கோஸ்லோவாகியாவில் செய்த இசட்.கே.டபிள்யூ. 465, தோட்டா .22 ஹார்னெட். தாத்தாவுக்குப் பிறகு அப்பா பெயரில் இருந்தது, அப்பாவுக்கு எழுபது தாண்டியதும் வாரிசு விதிப்படி என் பெயருக்கு லைசென்ஸ் எடுத்தோம். சின்ன ரைஃபிள்தான், ஐந்து தோட்டா பிடிக்கும் மேகஸின், ட்ரிகர் இரண்டு. பின் ட்ரிகரை இழுத்து 'டக்' என்று வைத்துவிட்டால் முன் ட்ரிகர் விரல் பட்ட மாத்திரத்தில் விழும். அந்த ஒரு விஷயத்துக்காகவே இதை விற்க மனசு வரவில்லை.

பிரச்சினை பேரலில். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கியபோது தோல் உறை முழுக்கப் பூஞ்சை, பேரலுக்குள் செந்துரு. சமவெளியில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டினேன். விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு, தோட்டா உட்காரும் சேம்பரை ஒட்டி ஒரு ஜாண் தூரத்துக்கு, குண்டைச் சுழற்றுகிற ரைஃப்லிங் பள்ளம் தின்னப்பட்டுவிட்டது, பழைய துருவும் புதுத் துருவும் சேர்ந்திருக்கிறது, பேரலை மாற்று, இல்லையென்றால் உள்ளே லைனர் என்ற புதுக் குழாய் போடு என்றார். ரேஞ்சில் 50 மீட்டரில் சுட்டுப் பார்த்தபோது ஐந்து தோட்டாவும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின, ஆகவே அவர் சொல்வதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எப்படியும் செலவு செய்யப் போகிறோம், அப்புறம் ஏன் அதே பழைய ஹார்னெட்? வீடியோக்களில் எல்லாரும் .223, .22-250, .204 ரூகர் என்கிறார்கள், ஹார்னெட்டைப் பற்றிப் பேச ஆளே இல்லை. தடித்த பேரல், நல்ல ஸ்கோப் வைத்து அமெரிக்காவில் 'வார்மின்ட் ரைஃபிள்' என்று கட்டுகிறார்களே, அந்த மாதிரி ஒன்றாக இதைத் திருப்பிக் கட்ட ஆசை. எனக்குத் தேவை 100, 200 மீட்டரில் பேப்பரில் நல்ல குரூப், ஓட்டைகள் நெருக்கமாக விழ வேண்டும். அத்தை மகன் வேறு, கேரட் தோட்டத்தில் பன்றியும் முள்ளம்பன்றியும் இறங்குகின்றன, அதற்கும் ஆகுமே என்கிறான். எந்த கேலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, எடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டகோட்டா கோத்தகிரி:

தம்பி, நானும் கோத்தகிரிதான். இப்போது இருப்பது தெற்கு டகோட்டாவில், பிளாக் ஹில்ஸ் அடிவாரத்தில். நீங்கள் வீடியோவில் பார்க்கிற அந்த வேலையை இங்கே கோடையில் நானும் செய்கிறேன், அதனால் தோட்டா விஷயத்தை மட்டும் சொல்கிறேன். லைசென்ஸ் விஷயம் அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

முதலில், இங்கே எதற்காக இந்த ரைஃபிள்கள் என்று பாருங்கள். புல்வெளியில் பிரெய்ரி நாய் என்று ஒரு பிராணி, பெயர்தான் நாய், உண்மையில் அணில் இனம். மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டி ஊர் மாதிரிக் குடியிருக்கும். ஒரு மேட்டில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தால் காலை முழுக்க 150, 250, 350 கஜம் என்று சுட்டுக்கொண்டே இருக்கலாம். காற்று ஓயாது. இலக்கு ஒரு கை உயரம். அதனால்தான் வேகமான, தட்டையாகப் போகிற, பட்ட இடத்தில் தூளாகிற மெல்லிய குண்டு வேண்டும், அதனால்தான் சூடு தாங்கத் தடித்த பேரல் வேண்டும். இந்தத் தேவை இல்லாதவனுக்கு இந்தத் தோட்டாக்களில் பாதி வீண்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். வேகத்தைப் பார்த்து கேலிபர் எடுக்காதீர்கள், தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளிப் பூட்டுகிற போல்ட்டின் முகத்தைப் பார்த்து எடுங்கள். ஹார்னெட் தோட்டாவின் அடிவிளிம்பு ஏறக்குறைய 8.9 மி.மீ. அகலம். .222 ரெமிங்டன், .223, .204 ரூகர் மூன்றுக்கும் 9.6. .22-250-க்கு 12 மி.மீ., அது மவுசர் என்ற ஜெர்மானிய வகை ரைஃபிளின் பெரிய போல்ட்டுக்கான அளவு. நீளத்தைப் பாருங்கள்: முழுத் தோட்டா ஹார்னெட்டில் 44 மி.மீ.க்குள் அடங்கும், .222 ஏறக்குறைய 54, .22-250 கிட்டத்தட்ட 60. உங்கள் 465 ஹார்னெட்டுக்கென்றே சிறுத்துச் செய்த மவுசர். அந்த மேகஸினுக்குள் .22-250 நுழையாது, நுழைத்தாலும் போல்ட் பின்னால் போகிற தூரம் போதாது. ஆழாக்கில் படி அரிசி அளக்கிற கதை.

அப்புறம் அழுத்தம். .222-க்கு சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு, .223-க்கு 55,000, .22-250-க்கு 65,000 என்பது இங்கே தொழிற்சாலைகள் வைத்திருக்கும் உச்ச வரம்பு. ஹார்னெட்டின் வரம்பைப் பழைய செம்பு முறையில் அளந்து 43,000 என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு அளவுமுறையும் ஒன்றல்ல, நேரே ஒப்பிட முடியாது, ஆனால் எது மென்மையான தோட்டா என்பதில் சந்தேகம் கிடையாது. ஐம்பதுகளில் ஹார்னெட்டுக்காகச் செய்த போல்ட் லக்கை, அதாவது பூட்டுப் பல்லை, .223-க்குப் பூட்டச் சொல்கிற ஆளிடம் நான் என் கண்ணைக் கொடுக்க மாட்டேன்.

ஒவ்வொன்றைப் பற்றியும் என் கருத்து. .22-250 அருமையான தோட்டா, 55 கிரெயின் (சின்ன எடை அளவு) குண்டு நொடிக்கு 3,680 அடி. பல வருடம் ஆட்கள் தாங்களே செய்துகொண்ட கைச்சரக்காக இருந்ததை 1965-ல் ரெமிங்டன் கடைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு வெடிக்கு 35 கிரெயின் பக்கம் மருந்து எரிகிறது, அவ்வளவும் அந்தச் சின்னத் துளை வழியாகப் போக வேண்டும், சூடாகச் சுட்டுக்கொண்டே இருந்தால் சேம்பருக்கு முன்னால் இருக்கிற தொண்டை சீக்கிரம் தேய்ந்துவிடும். .204 ரூகர் 2004-ல் வந்தது, 32 கிரெயின் குண்டு 4,225 அடி, உதைப்பே தெரியாது, சுட்டது எங்கே பட்டது என்று ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். இங்கே எனக்குப் பிடித்தது அதுதான். .223 மலிவு, எங்கும் கிடைக்கும், இங்கே பெரும்பாலோர் அதைத்தான் சுடுகிறார்கள். .222 இவை எல்லாவற்றையும்விட அமைதியான தோட்டா. 1950-ல் ரெமிங்டனின் மைக் வாக்கர் வடிவமைத்தது, எழுபதுகளின் நடுவில் பி.பி.சி. (PPC) என்ற தோட்டா வருகிற வரை, பெஞ்சில் தாங்கி வைத்துத் துல்லியமாகச் சுடுகிற பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் அதன் ராஜ்ஜியம்தான். துல்லியம் ஒன்றுதான் வேண்டும் என்றால் நான் .222-ஐத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் அதற்கென்று செய்த வேறு ரைஃபிளில்.

ஹார்னெட்டைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 45 கிரெயின் குண்டு 2,690 அடி. 150 கஜம் வரை எந்தக் கணக்கும் போடாமல் சுடலாம், 200 கஜத்தில் இறக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். மருந்து பத்துப் பன்னிரண்டு கிரெயின்தான், அதனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பேரல் ஒரு ஆயுசுக்கு வரும். இன்னொன்று, ஊட்டி உயரத்தில், அதாவது 2,200 மீட்டருக்கு மேல், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹார்னெட் குண்டு குட்டையானது, காற்றில் சீக்கிரம் வேகம் இழப்பதுதான் அதன் பெரிய குறை. மேலே உங்களுக்கு அந்தக் குறை கொஞ்சம் குறையும். சென்னையில் அச்சடித்த ஸ்கோப் அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள்.


கேத்திக்காரன்:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. அப்படியென்றால் .22-250, .204 இரண்டையும் விட்டுவிடுகிறேன். .17 ஹார்னெட் என்று ஒன்று பார்த்தேன், அதே அடிவிளிம்பு, அதே நீளம் என்றால் போல்ட்டைத் தொடாமல் பேரல் மட்டும் மாற்றினால் போதும் அல்லவா? 3,650 அடி என்று போட்டிருந்தது. தோட்டா இங்கே கிடைக்காவிட்டால் உங்களைப் போன்றவர்கள் ஊருக்கு வரும்போது ஒரு டப்பா...


பழைய பிளாண்டர்:

அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டதே நல்லது தம்பி. விமான நிலையத்தில் ஒரு தோட்டா பெட்டியில் கிடந்தாலே ஆர்ம்ஸ் ஆக்ட் கேஸ். பொதுவெளியில் இப்படிக் கேட்கவும் கூடாது.

நான் குன்னூரில் இருக்கிறேன், எஸ்டேட்டிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆயிற்று. தோட்டா வேகமெல்லாம் அவர் சொல்லிவிட்டார். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஆயுதத்தின் வகை, போர் (bore, குழாய்த் துளையின் அளவு), நம்பர் எல்லாம் எழுதியிருக்கும். போர் .22 ஹார்னெட் என்று எழுதியிருக்க, கையில் இருப்பது .222 என்றால் சட்டத்தின் கண்ணில் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. ரிப்பேர் செய்யவும் மாற்றியமைக்கவும் 1959 ஆர்ம்ஸ் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் லைசென்ஸ் வாங்கிய ஆளால்தான் முடியும். 2019 திருத்தம் 6-ஆம் பிரிவையும் இறுக்கிவிட்டது, ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவதும் அதற்குள் வந்துவிட்டது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும், இந்தச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்தி. பேரல் ஒரு வெறும் இரும்புக் குழாய் என்று நினைத்து வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைத்தால் துப்பாக்கியையே வரவழைத்த மாதிரிதான். ஆகவே எதைத் தொடுவதற்கும் முன்னால் கலெக்டர் ஆபீஸில் எழுத்தில் அனுமதி. வாய்வார்த்தையாக 'செய்துக்குங்க சார்' என்று ஒரு குமாஸ்தா சொன்னதை நம்பி வேலை கொடுக்காதீர்கள்.

.223 பக்கம் போகவே வேண்டாம். அது 5.56-இன் உடன்பிறப்பு, நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிள் சுடுகிற தோட்டா. ராணுவத் தோட்டா சிவிலியன் கையில் இருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இங்கே ஒரு கொள்கை. .303 நமக்கு ஆகாது என்பதால்தான் அதே லீ என்ஃபீல்டு உடம்பில் .315 என்று இஷாப்பூரில் செய்து விற்றார்கள்.

தோட்டா எங்கே கிடைக்கும் என்பதுதான் உண்மையான கேள்வி. நம் தொழிற்சாலைகள் சிவிலியனுக்கென்று செய்வது .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்), .32, .315, .30-06, பன்னிரண்டு போர் என்கிற மாதிரிச் சிலதான். ஹார்னெட்டே டீலர் அலமாரியில் பழைய சரக்காகத்தான் கண்ணில் படும், இருந்தால் விலை கேட்டுத் தலை சுற்றும். .222-க்கும் .204-க்கும் .17 ஹார்னெட்டுக்கும் அந்தப் பழைய சரக்குகூடக் கிடையாது. .17 ஹார்னெட் 2012-ல் வந்த தோட்டா, இங்கே இறக்குமதி அடைபட்டது எண்பதுகளில், எப்படி இருக்கும்? வீட்டிலேயே மருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், தோட்டா தயாரிக்கவும் 5-ஆம் பிரிவு லைசென்ஸ் வேண்டும். அருவங்காட்டில் நூறு வருடத்துக்கு மேலாகக் கார்டைட் ஃபாக்டரி ஓடுகிறது, மலை ரயில் அதன் பக்கமாகவே போகிறது, அந்த மருந்து வாசனையில் வளர்ந்த நமக்கு ஒரு டப்பா ஹார்னெட் கிடைக்க மாட்டேன் என்கிறது. வேடிக்கைதான்.

அத்தை மகனிடம் சொல்லுங்கள், வேட்டை 1972-ஓடு முடிந்தது. அதற்கு முன்பே இந்த மலையில் இஷ்டத்துக்குச் சுட முடியாது, 1877-லேயே நீலகிரியில் வேட்டைச் சங்கம் அமைத்து, 1879-ல் அதற்கென்று தனிச் சட்டம் போட்டு, இந்தப் பருவத்தில் இந்த மிருகத்தைத் தொடாதே என்று கட்டுப்படுத்தியிருந்தார்கள். வெர்மின் என்று அமெரிக்காவில் சொல்கிற அர்த்தத்தில் நம் சட்டத்தில் ஒரு அட்டவணை இருந்தது, எலியும் காக்காயும் அதில்தான் இருந்தன, 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள்.


ஹட்டி விவசாயி:

பன்றி விஷயத்தில் நான் ஒரு வார்த்தை. பூண்டும் உருளையும் போடுகிறவன் நான், ஒரே ராத்திரியில் ஒரு பாத்தி போகிற வலி எனக்குத் தெரியும், அதனால் உபதேசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு போட்ட உத்தரவுப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைத்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும், நாம் இல்லை. ஒரு கிலோமீட்டருக்குள் தொடவே கூடாது, நடுவில் இருக்கிற தூரத்தில் பிடித்துக் காட்டில் விடுவார்கள். நம் ஹட்டிகளில், படுகர் ஊர்களில், எத்தனை தோட்டம் காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சொல்லுங்கள்! வேலியைத் தாண்டினால் சோலை.

சட்டத்தை விடுங்கள், ஹார்னெட்டோ .223-ஓ, அந்த மெல்லிய குண்டு பன்றியின் தோள் தோலிலேயே சிதறிவிடும். செத்துப்போகாது. காயத்தோடு தேயிலைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், காலையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் மேல் பாயும். ராத்திரி விளக்கும் வேலியும்தான் எனக்கு ஓரளவு பயன்பட்டிருக்கின்றன.


கூடலூரான்:

எல்லாரும் பயமுறுத்திவிட்டீர்கள், பாவம். நான் நேராகச் சொல்கிறேன், .22 எல்.ஆர். ஆக்கிவிடுங்கள். தோட்டா கிடைக்கும், விலை குறைவு, ரேஞ்சில் 50 மீட்டருக்கு அதுதான் ஓடுகிறது, ஹார்னெட் கொண்டுபோனால் பல ரேஞ்சில் உள்ளேயே விட மாட்டார்கள். என்.சி.சி. கேம்பில் படுத்துக்கொண்டு சுட்டோமே, அந்த மாதிரிப் பழைய ரைஃபிள்களில் பல பெரிய ராணுவ உடம்புக்குள் .22 குழாய் இறக்கியவைதானே? அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? பேப்பரில் ஓட்டை போடத்தானே ஆசைப்படுகிறார். மாதத்துக்கு நாலு தோட்டா எண்ணி எண்ணிச் சுடுகிற ஹார்னெட்டைவிட, டப்பா டப்பாவாகச் சுடுகிற எல்.ஆரில்தான் கை பழகும்.


ஆர்மரர் (ஓய்வு):

வெலிங்டனில் இருக்கிறேன், சர்வீஸ் முழுக்க ஆயுதம் ரிப்பேர்தான் வேலை. கூடலூரார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒரு முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

ஹார்னெட் மைய அடி, தோட்டா அடியின் நடுவில் அடித்தால் வெடிக்கும். எல்.ஆர். விளிம்பு அடி, ஓரத்தில் அடித்தால்தான் வெடிக்கும். ஃபயரிங் பின் போல்ட்டின் நடுவில் வருகிறது, எல்.ஆருக்கு அது ஓரத்தில் வர வேண்டும். போல்ட் முகத்தை வெட்டி, பின்னைத் திசை திருப்பி, காலித் தோட்டாவை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரைச் சின்ன விளிம்புக்கு மாற்றி, மேகஸினையும் மாற்ற வேண்டும். ராணுவத்தில் .22 பயிற்சி ரைஃபிள் செய்தபோதும் போல்ட் தலையைத் தனியாகத்தான் செய்தார்கள், குழாயை இறக்கியதோடு நிற்கவில்லை. இவ்வளவும் ஒரு நல்ல பிர்னோவுக்குச் செய்தால் அது பிர்னோவும் இல்லை, எல்.ஆரும் இல்லை. போர் வேறு மாறிவிடும், பிளாண்டர் ஐயா சொன்ன அதே கதை. எல்.ஆர். வேண்டும் என்றால் எல்.ஆர். ரைஃபிளே ஒன்று வாங்கலாம், ஒரு ஆளுக்கு இரண்டு துப்பாக்கி வரை சட்டம் விடுகிறது, முன்பு மூன்றாக இருந்ததை 2019-ல் இரண்டாக்கினார்கள்.

சரி, பேரல் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் சில விஷயம் பாருங்கள். பழைய ஹார்னெட் தோட்டாக்களில் பலவற்றில், பின் அடித்ததும் பற்றுகிற கேப்பில் உப்புச் சத்து இருக்கும், சுட்ட பிறகு அது உள்ளே படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் போட்டால் அந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கழுவி, துணி வெள்ளையாக வருகிற வரை துடைத்து, உடனே காய வைத்து, அப்புறம் எண்ணெய். பல வருடக் கரியும் செம்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து குழி மாதிரித் தெரிவதும் உண்டு, அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் பாதி பேரல் பிழைத்துக்கொள்ளும். முனையையும் பாருங்கள். குண்டு வெளியே வருகிற அந்தக் கடைசி ஓரத்தில் ஒரு பக்கம் அடிபட்டிருந்தால் போதும், உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தாலும் தட்டு அகலத்துக்குச் சிதறும். தாத்தா காலத்து ஆட்கள் இரும்புக் கம்பியை முனைப் பக்கமிருந்தே விட்டுத் துடைப்பார்கள், அதில் தேய்ந்துபோன பேரல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அது மட்டும்தான் பிரச்சினை என்றால் முனையை லேத்தில் பிடித்துக் கொஞ்சம் எடுத்தாலே சரியாகும். ஆனால் அதையும் அனுமதியோடு, பேரல் நீளம் குறைவது சட்டத்தில் தனி விஷயம்.

தோல் உறையில் வைத்துக் கொடுக்காதீர்கள். தோலைப் பதப்படுத்துகிற உப்பு அதில் தங்கியிருக்கும், நம் ஊர் மூடுபனியில் அது ஒரு ஈரப் பஞ்சுதான். அடுத்த முறை ஒப்படைக்கும்போது உள்ளேயும் வெளியேயும் கிரீஸ் பூசி, எண்ணெயில் நனைத்த துணி சுற்றிக் கொடுங்கள். வாங்குகிற ரசீதில் நம்பரோடு 'பேரல் உட்பக்கம் சுத்தம்' என்றும் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், எழுதித் தருவார்கள்.

எல்லாம் பார்த்தும் பேரல் தேறாது என்றால் என் யோசனை, அதே ஹார்னெட்டில் லைனர். வெளிப் பேரல் அப்படியே இருக்கும், அதில் உள்ள நம்பரும் முத்திரையும் அப்படியே இருக்கும், போர் மாறாது, லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியதும் மாறாது. உள்ளே துளையிட்டுப் புதுக் குழாய் இறக்கி ஒட்டி, புதுசாகச் சேம்பர் வெட்டுவார்கள். ஹார்னெட் மைய அடி என்றாலும் அடியில் விளிம்பு உள்ள தோட்டா என்பதால் சேம்பர் ஆழத்தை விளிம்பு உட்காரும் பள்ளமே தீர்மானிக்கும், கவனமான ஆளுக்குக் கஷ்டமான வேலை இல்லை. தடித்த வார்மின்ட் பேரல் ஆசையை விட்டுவிடுங்கள், அந்தச் சின்ன உடம்பில் தடித்த பேரல் வைத்தால் முன்பாரம் தாங்காது, தோளில் வைத்ததும் மூக்கு இறங்கும்.


கேத்திக்காரன்:

ஐயா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. .222 ஆசை போய்விட்டது. முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒரு இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு வெட்டு இருக்கிறது, ஆனால் சேம்பர் பக்கக் குழிகளும் நிஜம்தான், கழுவிய பிறகும் போகவில்லை. லைனருக்கு அனுமதி கேட்டு மனு எழுதப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம். லைனர் போடும்போது சேம்பரை கே-ஹார்னெட் என்கிற கொஞ்சம் அகன்ற வடிவமாக வெட்டிவிடலாம், சாதாரண ஹார்னெட்டையும் அதில் சுடலாம், போர் மாறாது, வேகம் கூடும் என்று ரிப்பேர்காரர் சொல்கிறார். அது சரியா? ட்விஸ்ட், அதாவது உள்பள்ளத்தின் சுற்று, என்ன கேட்க வேண்டும்?


டகோட்டா கோத்தகிரி:

சுடலாம் என்பது உண்மை. 1940 வாக்கில் கில்போர்ன் என்பவர் செய்த வேலை அது. சாதாரண ஹார்னெட்டைப் போட்டுச் சுட்டால் பித்தளை விரிந்து அந்தச் சேம்பர் வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் லாபம் அடுத்த முறை அதே பித்தளையில் கூடுதல் மருந்து நிரப்பிச் சுடும்போதுதான். முதல் வெடியில் விரிவதற்கே கொஞ்சம் சக்தி போய்விடும், வேகம் கூடாது, குறையத்தான் செய்யும். நீங்கள் நிரப்ப முடியாது, அப்புறம் எதற்கு? போதாததற்கு நாளைக்கு யாராவது உங்கள் காலித் தோட்டாவை எடுத்துப் பார்த்து, இது லைசென்ஸில் இருக்கிற தோட்டா வடிவம் இல்லையே என்று கேட்டால் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.


ஆர்மரர் (ஓய்வு):

அண்ணன் சொன்னதேதான், சாதாரண ஹார்னெட் சேம்பர்.

ட்விஸ்ட் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று கேளுங்கள், ஹார்னெட்டுக்குப் பிறந்ததிலிருந்து அதுதான். முப்பதுகளுக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் இதை முதலில் உருவாக்கியபோது .22 விளிம்பு அடி ரைஃபிளின் பேரலையே வைத்துச் செய்தார்கள், அதன் ட்விஸ்ட் அப்படியே தங்கிவிட்டது. 14 கிடைத்தாலும் பரவாயில்லை. இப்போதைய .223 லைனர் 9, 8 என்று இறுக்கமாக இருக்கும், அது நீளமான கனத்த குண்டுக்கு. 45 கிரெயின் குட்டைக் குண்டுக்கு அந்த இறுக்கம் தேவையில்லை, மெல்லிய உறை உள்ள குண்டு என்றால் தேவையில்லாமல் வேகமாகச் சுழல்வதும் நல்லதில்லை. கையில் ஸ்டாக் இருப்பதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பழைய ஹார்னெட் பேரல்களில் பள்ளத்தின் விட்டம் .223 அங்குலம், பிறகு வந்தவற்றில் .224. உங்களிடம் மிச்சம் இருக்கிற தோட்டாவில் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்க் குண்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லி, அதற்கேற்ற லைனர் கேளுங்கள். மனுவோடு ரிப்பேர்காரரின் லைசென்ஸ் நகலும், அவர் கொடுக்கிற எழுத்து மதிப்பீடும் இணைத்துக் கொடுங்கள். மதிப்பீட்டில் 'போர் மாற்றம் இல்லை, பேரல் நீளம் மாற்றம் இல்லை' என்ற இரண்டும் இருக்க வேண்டும். முனை வெட்டைச் சரிசெய்ய ஒரு மில்லிமீட்டர் எடுக்க வேண்டியிருந்தால் அதையும் மறைக்காமல் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.